ஓடும் கால்களும் மண்வெட்டும் கைகளும்

இலண்டனில் வாரத்துக்கு ஒரு மாலை இருபது முப்பது பேர் ஓரிடத்தில் கூடுகிறார்கள். பெரும்பாலும் அலுவலகம் முடித்து வந்தவர்கள். இரண்டு மூன்று கிலோமீற்றர் தூரம் கூட்டமாக ஓடுகிறார்கள். ஓடிச் சென்று சேருமிடம் மைதானமன்று. ஒரு பாடசாலைத் தோட்டமாகவோ, முதியோர் இல்லத்தின் பின்வளவாகவோ, அயலவர்கள் கூடிப் பயிரிடும் ஒரு துண்டு நிலமாகவோ அது இருக்கும். அங்கே மண்வெட்டியும் தள்ளுவண்டியும் காத்திருக்கின்றன. அரை மணி அல்லது முக்கால் மணி நேரம் களை பிடுங்குகிறார்கள், உக்கிய பசளையைச் சுமக்கிறார்கள், பாத்தி கட்டுகிறார்கள். பின்னர் வந்த வழியே ஓடித் திரும்புகிறார்கள். ‘குட்ஜிம்’ என்ற இந்த அமைப்பை 2009ஆம் ஆண்டு கிழக்கு இலண்டனில் தொடங்கியவர் ஐவோ கோர்ம்லி என்பவர். உடற்பயிற்சிக் கூடங்களில் மனிதர் செலவிடும் வலு எவருக்கும் பயனின்றிப் போகிறதே என்பதுதான் அவருடைய கேள்வி.

இச்செய்தியைப் புதுமையான ஒன்றாகவே மேலைநாட்டுப் பத்திரிகைகள் எழுதின. எனக்கோ இதை வாசித்தபோது மன்னார்க் கரையோரத்து இலுப்பைக்கடவைதான் நினைவில் எழுந்தது. ஓட்டம், மண்வேலை என்ற இரண்டுக்கும் அந்தக் கரையில் நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றை அறியாமல் இலண்டன் செய்தியை வாசித்தால் அதில் பாதிதான் விளங்கும் என்பது என் எண்ணம்.

மன்னாரிலிருந்து பூநகரியை நோக்கிச் செல்லும் ஏ-32 வீதியில், விடத்தல்தீவுக்கும் வெள்ளாங்குளத்துக்கும் இடையே அமைந்துள்ளது இலுப்பைக்கடவை. நிருவாகப் பிரிவின்படி மாந்தை மேற்கைச் சேர்ந்தது. ஒருபுறம் கடல், மறுபுறம் வயலும் குளமும் காடும். ஊர்ப் பெயரிலேயே ஒரு மரமும் ஒரு வழியும் இருக்கின்றன. கடவை என்றால் கடந்து செல்லும் இடம். வழிப்போக்கரின் ஊர் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

இலங்கையின் மேற்குக் கரையோரப் பாதைகளில் ஒரு காலத்தில் ஓட்டமே தொழிலாக இருந்தது. ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியர் ஆட்சியின் முதற்பகுதியிலும் தபால் மனிதக் கால்களில்தான் பயணம் செய்தது. கொழும்பிலிருந்து புத்தளம், மன்னார் வழியாக வடக்கே தபால் பைகளைச் சுமந்தோடியவர்கள் தபால் ஓட்டக்காரர். ஒருவர் குறித்த தூரம் ஓடிப் பையை அடுத்தவர் கையில் கொடுப்பார். அவர் மேற்கொண்டு ஓடுவார். யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் வந்தது 1905இல்; தலைமன்னார்ப் பாதை திறந்தது 1914இல். அதற்கு முந்திய தலைமுறைகளில் அரசாங்கக் கட்டளையும் வணிகரின் கணக்கும் பிள்ளையின் சுகச்செய்தியும் யாரோ ஒருவர் வியர்க்க வியர்க்க ஓடியதால்தான் ஊர் வந்து சேர்ந்தன.

அக்காலத்தின் தடம் நம் மொழியில் இன்றும் இருக்கிறது. திருவிதாங்கூரில் அரச தபால் சேவைக்கே ‘அஞ்சல்’ என்றுதான் பெயர். மணி கட்டிய கோலுடன் ஓடிய அஞ்சலோட்டக்காரர் அங்கே புகழ்பெற்றவர். நம் பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகளில் நால்வர் கோல் மாற்றி ஓடும் போட்டியை நாம் ‘அஞ்சலோட்டம்’ என்கிறோம். பள்ளி நாட்களில் நானும் அதில் ஓடியிருக்கிறேன். கையிலிருந்த கோல் ஒரு காலத்துத் தபால் பை என்பதை அப்போது எவரும் சொல்லித் தரவில்லை. கூலிக்கு ஓடிய ஓட்டம் தொழில் மறைந்தபின் விளையாட்டாகி, பெயரில் மட்டும் தன் பழைய வேலையைச் சுமந்துகொண்டிருக்கிறது.

மண்வெட்டியின் வரலாறு இதனினும் கசப்பானது. பொதுவேலை என்றதும் குளக்கட்டில் ஊரே திரண்டு நின்ற காட்சியைத்தான் நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். அது பொய்யன்று. குளத்துக்குக் கீழே வயல் வைத்திருப்பவர்கள் மாரிக்கு முன் கட்டைத் திருத்துவதும் வாய்க்காலை வெட்டித் துப்புரவாக்குவதும் வன்னியிலும் மன்னாரிலும் வழக்காறு. தமிழகத்தில் அதுவே குடிமராமத்து. ஆயினும் இதே நிலத்தில் கட்டாய வேலையும் இருந்தது. மன்னனுக்குச் செய்யவேண்டிய இராசகாரியத்தைக் குடியேற்ற ஆட்சியாளர் தமக்காகப் பயன்படுத்தினர். கோல்புறூக் குழுவின் பரிந்துரையின்படி 1832இல்தான் அது ஒழிக்கப்பட்டது. ஒழித்துப் பதினாறு ஆண்டுகள் கழியுமுன் தேசாதிபதி டொரிங்டன் காலத்தில் 1848ஆம் ஆண்டு வீதிச் சட்டம் வந்தது. 18 வயது முதல் 55 வயது வரையான ஒவ்வோர் ஆணும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அன்றேல் மூன்று சிலிங் செலுத்தவேண்டும் என்றது அச்சட்டம். அவ்வாண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம். பின்னர் 1856இல் தேசாதிபதி வார்ட் காலத்து நீர்ப்பாசனச் சட்டம் ஊர் வழக்காறுகளுக்குச் சட்டவலு அளித்தது. சென்னை மாகாணமும் குளம், கரை காக்கும் வேலைக்கு ஆள் வராவிட்டால் தண்டிக்க 1858இல் கட்டாய வேலைச் சட்டம் இயற்றியது.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கையில் ஓர் உண்மை தெளிவாகிறது. வெட்டப்படுவது அதே மண், வெட்டுவது அதே கை. அழைப்பவர் யார், வராதிருக்க உரிமை உண்டா என்ற இரண்டு கேள்விகள்தான் அது கொடையா வெட்டிவேலையா என்பதைத் தீர்மானிக்கின்றன.

மண்வேலையைத் தாமாக விரும்பி ஏற்ற படித்த இளைஞர்களின் கதையை ஒக்ஸ்போர்ட்டிலிருந்து தொடங்கலாம். 1874ஆம் ஆண்டு அங்கே கலைப் பேராசிரியராக இருந்த ஜோன் ரஸ்கின், மாணவர்கள் படகோட்டத்திலும் விளையாட்டிலும் செலவிடும் உடல்வலுவை ஏழைகளுக்குப் பயன்படும் வேலையில் ஈடுபடுத்தினால் என்ன என்று கேட்டார். அருகிலிருந்த ஹிங்ஸி என்னும் சிற்றூரில் பாதையமைக்க மாணவர்களை அழைத்தார். ரஸ்கினின் தோட்டக்காரர் மேற்பார்வை செய்தார். வேடிக்கை பார்க்கவும் கேலி செய்யவும் கூட்டம் கூடியது. பத்திரிகைகள் நகைச்சித்திரம் வரைந்தன. பாதை ஒன்றும் பிரமாதமாக அமையவில்லை. ஆனால் மண்வெட்டி பிடித்த மாணவரில் ஒருவர் ஆர்னல்ட் டொயின்பி. அவர் பெயரால் 1884இல் கிழக்கு இலண்டனில் எழுந்த டொயின்பி மண்டபம், படித்தவர்கள் ஏழை மக்களிடையே சென்று வாழ்ந்து பணியாற்றும் இயக்கத்துக்கு முன்னோடியாயிற்று. கோர்ம்லி 2009இல் கேட்ட கேள்வியை ரஸ்கின் 135 ஆண்டுகளுக்கு முன்னரே கேட்டுவிட்டார். பதில் முளைத்த இடமும் அதே கிழக்கு இலண்டன் என்பது வரலாற்றின் விநோதம்.

ரஸ்கினிடமிருந்து தமிழரிடம் வரும் வழி தென்னாபிரிக்காவினூடாகச் செல்கிறது. 1904இல் ஜொகன்னஸ்பேர்க்கிலிருந்து டர்பனுக்குப் புகையிரதத்தில் சென்ற காந்தி, நண்பர் போலக் கொடுத்த ரஸ்கினின் நூலொன்றை வாசித்தார். அந்நூலின் சாரத்தை 1908இல் குஜராத்தியில் எழுதியபோது அவர் இட்ட பெயர்தான் ‘சர்வோதயம்’. 1910இல் அவருடைய நண்பர் காலன்பாக் வழங்கிய 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர்களின் குடும்பங்கள் அங்கே தங்கின. டிரான்ஸ்வால் போராட்டத்தில் தமிழரின் பங்கு மிகப் பெரிது. ஆகவே பண்ணையிலும் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் பொறுப்பையும் காந்தி ஏற்றார். அவருக்குத் தெரிந்த தமிழ், கப்பலிலும் சிறையிலும் போப்பையரின் கைந்நூலை வைத்துக் கற்றது.

இப்பண்ணையில்தான் நம் விடயத்துக்கு மிக நெருங்கிய முன்னுதாரணம் கிடைக்கிறது. பண்ணையிலிருந்து ஜொகன்னஸ்பேர்க் நகரம் 21 மைல். சொந்த அலுவலுக்கு நகரம் செல்பவர்கள் நடந்தே போகவேண்டும் என்பது விதி. விடியுமுன் இரண்டு மணிக்கே புறப்பட்டு, போகவர 42 மைல் தூரத்தை ஒரே நாளில் நடந்தவர்கள் உண்டு. பண்ணையில் வேலையாட்கள் இல்லை. குழி வெட்டுவது, மரந்தறிப்பது, சுமை தூக்குவது, பழமரங்களைப் பராமரிப்பது யாவும் அங்கிருந்தோரின் வேலை. பிள்ளைகளும் நாள்தோறும் தோட்டத்தில் வேலை செய்தனர். அவர்கள் அதை மகிழ்வுடன் செய்ததால் வேறு உடற்பயிற்சியோ விளையாட்டோ பொதுவாகத் தேவைப்படவில்லை என்று காந்தி தம் சுயசரிதையில் எழுதுகிறார். காலுக்கும் கைக்கும் சேர்த்துப் பயிற்சி தந்த அந்தத் தோட்டத்தில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் மண் கிளறினார்கள் என்பதை நம்மவர் அதிகம் பேசுவதில்லை.

‘சர்வோதயம்’ என்ற சொல் இலங்கைக்கு வந்தது இன்னும் அரை நூற்றாண்டு கழித்து. 1958ஆம் ஆண்டு கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் இளம் ஆசிரியர் ஏ.ரி. ஆரியரத்ன தம் மாணவர்களைக் குருநாகல் மாவட்டத்தின் கனதொலுவ என்னும் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். சமூகம் ஒதுக்கிவைத்த மக்களின் கிராமம் அது. நகரத்து மாணவர்கள் அவர்களுடன் தங்கி, அவர்களுடன் உண்டு, கிணறு வெட்டினர், தோட்டம் போட்டனர். சிரமதானம் என்ற சொல் சிங்களத்திலும் தமிழிலும் ஒருங்கே வேரூன்றியது அதன் பிறகுதான். ஆரியரத்ன 2024 ஏப்ரலில், தம் 92ஆவது வயதில் காலமானார்.

வடக்கில் அதே வழியில் எழுந்தது காந்தீயம். கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் ஆகிய இருவரும் 1970களின் நடுப்பகுதியில் வவுனியாவை மையமாகக் கொண்டு அதைத் தொடங்கினர். 1977ஆம் ஆண்டு வன்செயல்களில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பங்களுக்கு நிலம், விதை, கிணறு, பாலர் பாடசாலை என்று அமைத்துக் கொடுத்தார்கள். படித்த இளைஞர் பலர் அங்கே சென்று மண்வெட்டி பிடித்தனர். இருவரும் 1983 ஏப்ரலில் கைதுசெய்யப்பட்டனர். அவ்வாண்டு யூலை 27ஆந் திகதி வெலிக்கடைச் சிறையில் நிகழ்ந்த இரண்டாவது படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். உயிர்தப்பிய டேவிட் நீண்டகாலம் தமிழகத்தில் வாழ்ந்து, 2015இல் கிளிநொச்சியில் காலமானார். பிறர் வளவில் குழி வெட்டியதற்கு நம் மண்ணில் செலுத்தப்பட்ட விலை சிறியதன்று.

போர் அந்தக் கொடையின் பெயரையே கெடுத்தது. 1990களில் கிழக்கில் இராணுவம் வீதியோரப் பற்றைகளை வெட்டப் பொதுமக்களைக் கட்டாயப்படுத்தியது. போரின் இறுதியாண்டுகளில் வன்னியில் விடுதலைப் புலிகள் மக்களைக் கட்டாய வேலைக்கு அமர்த்தியதை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2008 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் பதிவுசெய்தது. 1848ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்று சிலிங் கொடுத்தாவது விலகும் வழி இருந்தது; இங்கே அதுவும் இருக்கவில்லை. ‘வாருங்கள், பொதுவேலை’ என்ற அழைப்பைக் கேட்டதும் ஒரு தலைமுறை முகஞ்சுளிக்கக் காரணம் சோம்பலன்று.

இலுப்பைக்கடவை மக்கள் 2008இன் நடுப்பகுதியில் போர்முனை தம் ஊரை வந்தடைந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். போர் முடிந்து அவர்கள் மீளக் குடியமரத் தொடங்கிய நாட்களில் நான் அவ்வீதியால் சென்றிருக்கிறேன். வீதியின் இருமருங்கிலும் சிவப்பு நிறத்தில் மண்டையோடு வரைந்த மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள். பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுக்கப்பட்டது பாதையை விட்டு விலகி ஓடாதே என்பதே. வெடி அகற்றுவோர் துண்டு துண்டாகச் சோதித்து விடுவித்த பிறகுதான் ஒரு வளவில் மண்வெட்டி வைக்கலாம். ஓடுவதும் மண் கிளறுவதும் உயிராபத்தாக இருந்த காலம் அது. அந்த மண்ணில் ஒருவர் அச்சமின்றி ஓடிச் சென்று ஒரு கன்றுக்குக் குழி தோண்டுவது எத்துணை பெரிய காரியம் என்பதை இலண்டன் ஓட்டக்காரரால் எளிதில் உணர முடியாது.

இன்று நம் கிராமங்களில் ஓட்டமும் மண்வேலையும் ஒரே கூரையின்கீழ்தான் இருக்கின்றன. அந்தக் கூரைக்கு விளையாட்டுக்கழகம் என்று பெயர். ஆண்டு விழாவிலும் தைப்பொங்கலிலும் மரதன் ஓட்டம் நடத்துவது அதே இளைஞர்கள்தாம். மயானத்தைத் துப்புரவாக்குவதும், கோவில் வீதியையும் தேவாலய வளவையும் செதுக்குவதும், மாரிக்கு முன் குளக்கட்டில் நிற்பதும் அவர்கள்தாம். ஆனால் மரதன் ஒரு நாள். சிரமதானம் இன்னொரு நாள். இரண்டும் விழாவாகவே நடந்து முடிகின்றன. படம் எடுப்பார்கள், குளிர்பானம் வழங்குவார்கள், எங்களைப் போன்றோர் பத்திரிகையில் செய்தி போடுவோம்.

தோட்டத்துக்கு விழா போதாது. மன்னார்ப் பகுதிக்கு மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். கார்த்திகையில் கன்று நடுவோர் பலர். ஆவணியில் அதன் அடியில் தண்ணீர் ஊற்ற வருவோர் சிலர். இலுப்பை பூக்கப் பத்தாண்டளவு செல்லும். ‘ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை’ என்று ஏளனமாகச் சொன்னாலும், கோவில் விளக்குக்கு எண்ணெய் தந்த மரம் அது. வறட்சியான முதல் இரண்டு மூன்று ஆண்டுகளை அது தாண்டவேண்டுமானால், யாரோ வாரந்தோறும் வந்து பார்க்கவேண்டும்.

இலண்டன் முயற்சியில் உண்மையில் புதியது இதுவே என்று நான் கருதுகிறேன். வீணாகும் வலு என்ற எண்ணம் ரஸ்கினுடையது. தோட்டமே பயிற்சி என்பது டால்ஸ்டாய் பண்ணையின் அனுபவம். பிறர் ஊருக்குச் சென்று மண் வெட்டுவது கனதொலுவவும் காந்தீயமும் காட்டியது. ஓட்டம் இவற்றுடன் சேர்த்தது வழக்கம் என்ற ஒன்றை. ஓடுபவர் ஒரு வாரம் ஓடிவிட்டு நிறுத்துவதில்லை. நிறுத்தினால் அவர் உடலே அவரைக் கேட்கும். இலண்டனில் 2004இல் பதின்மூன்று பேருடன் தொடங்கிய ‘பார்க்ரன்’ என்ற வாராந்த ஓட்டம் இன்று உலகெங்கும் பரவியிருப்பது இந்த வழக்கத்தின் வலுவால்தான். அந்த வாராந்தக் கால்களை ஒரு தோட்டத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால், தோட்டத்துக்கு வேண்டிய விடாமுயற்சி தானாகவே வந்துவிடுகிறது. வராதவரை எவரும் தண்டிப்பதுமில்லை. கட்டாயமின்றியே தொடர்ச்சி கிடைக்கிறது; 1856இலும் 1858இலும் சட்டம் போட்டுத் தேடியது இதைத்தான்.

‘குட்ஜிம்’மில் இன்னொரு பழக்கமும் உண்டு. தனித்து வாழும் ஒரு முதியவரின் வீட்டுக்கு ஓட்டக்காரர் ஒருவர் வாரந்தோறும் ஓடிச்சென்று சிறிது நேரம் பேசிவிட்டுத் திரும்புவார். அந்த முதியவரை அவர்கள் ‘பயிற்றுநர்’ என்றே அழைக்கிறார்கள். அவர் காத்திருப்பதால்தானே இவர் ஓடுகிறார்! உதவி பெறுபவரைத் தாழ்த்தாத அந்தப் பெயரை நான் மிகவும் மதிக்கிறேன்.

நம் கரையோரக் கிராமங்களில் காத்திருப்பவர்கள் குறைவா என்ன? போரில் கணவரை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் எத்தனை! கிணறு இறைக்கவும் வேலி அடைக்கவும் தோட்டத்தைக் கொத்திப் பண்படுத்தவும் கூலிக்கு ஆள் பிடிக்க இயலாமல், வளவு பற்றையாகிக் கிடக்கும் வீடுகள் எத்தனை! பிள்ளைகள் யாவரும் கடல்கடந்து போய்விட, முற்றத்து வேம்பின்கீழ்த் தனித்திருக்கும் ஆச்சிமார் எத்தனை பேர்! இலண்டனிலும் ரொறன்ரோவிலும் நம் இளையோர் நிதிசேர் ஓட்டங்கள் ஓடி ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். அது நல்ல காரியம். அதே ஊரின் இளைஞர்கள் அதிகாலையில் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிவிட்டு வீடு திரும்புகிறார்கள். மைதானத்துக்கும் அந்த ஆச்சியின் படலைக்கும் இடையே ஒரு கிலோமீற்றர்கூட இராது.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்லவேண்டும். இதை எவரும் சுற்றுநிருபமாக அனுப்பிவிடக் கூடாது. திணைக்களம் திகதி குறித்து, பாடசாலை வரவுப்பதிவு எடுத்து, அரசியல்வாதி நாடா வெட்டினால், அது மீண்டும் 1848ஆம் ஆண்டுக்கே போய்விடும். ஒரு விளையாட்டுக்கழகம், கிழமைக்கு ஒரு காலை, ஒரேயொரு வளவு, அந்த வீட்டு அம்மா விரும்பி அழைத்தால் மட்டும். பெண் பிள்ளைகளும் சேர்ந்து ஓட விரும்பினால் ஊர் அவர்களைப் புதினம் பார்க்காதிருக்கவேண்டும். தொடங்க இவ்வளவே போதும்.

ஒரு காலத்தில் அந்தக் கரையோரப் பாதைகளில் ஓடியவர்கள் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குத் தபால் பையைக் கொடுத்துச் சென்றார்கள். எவரும் முழுத் தூரத்தையும் ஓடவில்லை; தம் பங்குத் தூரத்தை மட்டும் ஓடினார்கள். பத்தாண்டு கழித்துப் பூக்கும் இலுப்பைக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அத்தகைய அஞ்சலோட்டந்தான்.